தாமதம் என்னும் மாறி

ஆகஸ்ட் 4

தம்பிக்கு,

நான் நலம். முழங்கால் மட்டும் படி ஏறும்போது முணுமுணுக்கிறது. இரத்த அழுத்த மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாயா? பதிலை உன் மனைவி எழுதட்டும். நீ எழுதினால் நம்ப முடியாது.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் சொன்னதைப் பிற்பாடு யாரும் ஒத்துக்கொள்வதில்லை. அதனால் கடிதம்.

விஷயம் இதுதான். பல்கலைக்கழகத்தில் கணக்கியல் முதுகலையில், ஆய்வு மாணவியாகச் சேர்ந்திருக்கிறேன். அறுபத்து மூன்று வயதில் எதற்கு என்று நீ கேட்பதற்கு முன்பே சேர்க்கை அலுவலகத்தில் கேட்டுவிட்டார்கள். ஜன்னலில் இருந்தவர், "பிள்ளைக்கு ஃபார்ம் வாங்க வந்தீங்களாம்மா?" என்றார். "பிள்ளை வேலைக்குப் போயாச்சு. ஃபார்ம் எனக்கு" என்றேன். அஞ்சல் வழியில் படித்து வாங்கிய பட்டத்தை எடுத்து நீட்டிய பிறகுதான் அவர் எழுந்து போய்ப் பேனா கொண்டுவந்தார். நம் அப்பா உனக்குக் கல்லூரி, எனக்குத் தையல் என்று பிரித்துவைத்ததை நான் மறக்கவில்லை. உன் பாடப் புத்தகங்களில் நீ திறக்காத பக்கங்களையும் படித்துத்தான் கணக்கு கற்றுக்கொண்டேன். அது இருக்கட்டும்.

ஆய்வு முறைகள் வகுப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இங்கே ஒரு கருத்து இருந்தால் மட்டும் போதாது. உண்மையான நிறுவனங்களின் உண்மையான எண்களை நூற்றுக்கணக்கில் எடுத்துவைத்துச் சோதித்துக் காட்ட வேண்டும். நம் வீட்டில் யார் சத்தமாகப் பேசினார்களோ அவர்கள் சொன்னதுதான் சரி. இங்கே அப்படி இல்லை.

என் தலைப்பு: தணிக்கையாளர் கையெழுத்து தாமதமானால், அந்த நிறுவனத்துக்குக் கெட்ட காலம் வரப்போகிறது என்று அர்த்தமா? நிறுவனப் பதிவகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய கணக்குகளிலிருந்து சீட்டுக் குலுக்குவது போல மாதிரிக்குச் சில நூறு நிறுவனங்களை எடுத்தேன். அதில் உன் அலுவலகம் தணிக்கை செய்த நிறுவனங்களும் விழுந்திருக்கின்றன. இதை வேறு யாரோ சொல்லி நீ தெரிந்துகொள்ளக் கூடாது. நானே சொல்லிவிட்டேன். அனுமதி கேட்கவில்லை, தகவல் சொல்கிறேன்.

உடம்பைக் கவனி.

அக்கா


ஆகஸ்ட் 29

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லோரும் சௌக்கியம். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேன். 'ஆமாம் அண்ணி, போடுகிறார்' என்று கீழே இவள் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறாள், பார். முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

நீ படிக்கப் போகிறாய் என்றதும் இவள் கை தட்டினாள். எனக்கும் சந்தோஷம்தான். உன் தலைப்பைப் படித்தவுடன் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வந்தேன்.

மற்றவர்களுக்கு அது ஒரு தலைப்பு. எனக்கு அது பூட்டுத் தொழிற்சாலை. நீ அங்கே சம்பளப் பிரிவில் இருந்தாய், நான் அதன் தணிக்கையாளர். பதினோரு வருஷத்துக்கு முன்னால் என் அறிக்கை நான்கு மாதம் தாமதமாக வந்தது. வந்த கொஞ்ச நாளிலேயே தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அன்று சாயங்காலம் நீ என் வீட்டு வாசலில் நின்று, "உனக்குத் தெரியும்டா. தெரிஞ்சுதான் இழுத்தடிச்ச" என்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனாய். அதற்குப் பிறகு கல்யாண வீடுகளில் நாலு பேருக்காகச் சிரித்துக்கொள்வதோடு சரி.

இப்போது அதை எண்களை வைத்து நிரூபிக்கப் போகிறாய். செய், அக்கா. நான் குறுக்கே வரமாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். என்மேல் இரக்கப்பட்டு என் நிறுவனங்களை மாதிரியிலிருந்து எடுத்துவிடாதே.

தம்பி


செப்டம்பர் 7

தம்பிக்கு,

ஒத்தடம் கொடுத்தேன், தேவலை. உன் மனைவியின் கையெழுத்து உன்னுடையதைவிட நன்றாக இருக்கிறது.

இரக்கத்தைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். சீட்டில் விழுந்ததை எடுக்க எனக்கு உரிமை இல்லை. நீயே கெஞ்சியிருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன்.

தலைப்பு உனக்குப் புரிந்துவிட்டதால் சொல்கிறேன். தொழிற்சாலையை மூடுவதற்கு முந்தின வாரம் எங்கள் லாரி ஓட்டுநர் என் மேசைக்கு வந்து, "பெரிய வீடு ஒண்ணு பார்த்திருக்கேன். மாறலாமாக்கா?" என்று கேட்டார். சம்பளப் பிரிவில் இருப்பவளுக்கு எல்லாம் தெரியும் என்று நம்பித்தான் கேட்டார். உன் அறிக்கை அப்போதுதான் வந்திருந்தது, அதில் ஒரு குறையும் எழுதவில்லை. "தாராளமா மாறுங்க" என்றேன். நீ என் தம்பி என்பதற்காக உள்விஷயத்தை என்னிடம் சொல்லக் கூடாது, அது உங்கள் தொழிலின் விதி. விதியை நான் மதிக்கிறேன். ஆனால் தெரிந்துகொண்டே அப்படி ஓர் அறிக்கையில் கையெழுத்துப் போட்டாயா இல்லையா என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்குத்தான் இந்த வயதில் இந்தப் படிப்பு.

இனி வகுப்புச் சங்கதி. எண்களைப் பார்ப்பதற்கு முன்னாலேயே, என்ன வரும் என்று நினைக்கிறோமோ அதை எழுதிவைக்க வேண்டும். அதற்குக் கருதுகோள் என்று பெயர். எண்களைப் பார்த்த பிறகு எழுதினால், அம்பு விழுந்த இடத்தைச் சுற்றி வட்டம் போடுவது மாதிரி ஆகிவிடும். என் கருதுகோளை ஒரே வரியில் எழுதினேன்: கையெழுத்து தாமதமான நிறுவனங்கள் அடுத்த ஆண்டு நஷ்டத்தில் விழுவது அதிகம். தேதியும் கையெழுத்தும் போட்டு, என் ஆய்வை வழிநடத்தும் நெறியாளரிடமும் கையெழுத்துக்கு நீட்டினேன். என்னைவிட இருபத்தைந்து வயது இளையவர், கெட்டிக்காரி. "கையெழுத்தெல்லாம் எதுக்குங்க? ஈமெயில்ல அனுப்பினா போதுமே" என்றார். "நாளைக்கு என் மனசு மாறினா எனக்கே காட்டணும்ங்க" என்றேன். போட்டுக் கொடுத்தார்.

ஆய்வு அறையில் எனக்கு ஜன்னலோர மேசை. பக்கத்து மேசைக்காரி வங்கி வேலையை விட்டுவிட்டு வந்தவள், கைக்குழந்தை வேறு இருக்கிறது. அவள் எனக்குப் பெயர் வைத்திருக்கிறாள். ஆய்வில் மாறிக்கொண்டே இருக்கும் அளவுக்கு மாறி என்று பெயர், மாறாமல் நிற்பதற்கு மாறிலி. நான் தினமும் அதே நேரத்தில் வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே டீயைக் குறை சொல்வதால் நான் மாறிலி. "நம்ம மாறிலி வந்தாச்சு, மணி ஒன்பது" என்கிறாள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

நீங்கள் இருவரும் நலமாக இருங்கள்.

அக்கா


அக்டோபர் 30

தம்பிக்கு,

இங்கே நலம். அங்கே எப்படி என்று எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் என் கடிதத்துக்குப் பதில் இல்லை.

நான் கருதுகோள் எழுதியவள் என்பது நினைவிருக்கட்டும். தாமதமாகும் பதிலில் கெட்ட செய்தி இருக்கும் என்பது என் கட்சி.

அக்கா


நவம்பர் 24

அன்புள்ள அக்கா,

கெட்ட செய்தி ஒன்றும் இல்லை. எங்களுக்குச் சுகத்துக்குக் குறைவில்லை. கணக்கு முடிக்கும் மாதங்கள். என் மேசையில் கோப்புகள் அடுக்கடுக்காக உயர்ந்து, எதிரில் உட்கார்ந்தவர் முகம் தெரியவில்லை. ஒருவர் வந்து, "சார் இருக்காரா?" என்று என்னிடமே கேட்டார். உன் கடிதம் அந்த அடுக்கில்தான் இருந்தது. இவள்தான் தோண்டி எடுத்தாள்.

லாரி ஓட்டுநர் உன்னிடம் கேட்டது எனக்கு இதுவரை தெரியாது.

குறுக்கே வரமாட்டேன் என்று எழுதியிருந்தேன். ஆனாலும் தொழில்காரனாக ஒரு வார்த்தை. கையெழுத்து தாமதமாவது நிறுவனத்தின் குணமா, கையெழுத்துப் போடுகிறவரின் குணமா என்று பிரித்துப் பார்க்கிறாயா? ஒரு தணிக்கையாளர் எத்தனை நிறுவனங்களைத் தலையில் கட்டிக்கொண்டிருக்கிறார் என்பதை உன் மாறிகளோடு சேர்த்துப் பார். என் பழைய பங்குதாரர் விலகிப் போன வருஷம், அதே தொழிற்சாலை வருஷம்தான், அவர் நிறுவனங்களும் என் தலையில்தான் விழுந்தன. என் பட்டியல் வேண்டுமானால் அனுப்புகிறேன்.

இதைச் சொன்னால் எனக்கு வக்காலத்து வாங்கிக்கொள்கிறேன் என்பாய். சொல்லிக்கொள்.

தம்பி


டிசம்பர் 5

தம்பிக்கு,

குளிர் ஆரம்பித்துவிட்டது, முழங்காலுக்கு உறை வாங்கிவிட்டேன். நீயும் காதை மூடிக்கொண்டு போ.

வக்காலத்து வாங்குகிறாய் என்றுதான் நினைத்தேன். குற்றம் சாட்டப்பட்டவரே விசாரணை எப்படி நடக்க வேண்டும் என்று சொல்வதா? உன் கடிதத்தை மடித்து இழுப்பறையில் போட்டுவிட்டு இரண்டு நாள் வேறு வேலை பார்த்தேன். வேலை ஓடவில்லை.

பிறகு நெறியாளரிடம் போனேன். யார் சொன்னது என்று சொல்லாமல், வேலைப்பளுவைச் சேர்க்கத்தான் வேண்டுமா என்று கேட்டேன். அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டு விளக்கினார். தாமதத்தையும் நஷ்டத்தையும் மூன்றாவது ஏதோ ஒன்று பின்னாலிருந்து இழுத்துக்கொண்டிருக்கலாம். அதைக் கணக்கில் கொண்டுவராமல் விட்டால், செய்யாத பழியைத் தாமதத்தின் மேல் போட்டதாகிவிடும். "தெரியாம விட்டா மன்னிக்கலாம். தெரிஞ்சப்புறம் விட்டா அது ஆராய்ச்சி இல்ல, வழக்கு" என்றார். நான் வாதாடாமல் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். பக்கத்து மேசைக்காரிக்கு அதுவே பெரிய செய்தி.

ஆக, நீ கொடுத்த மாறியைச் சேர்க்கிறேன். நீ சொன்னதற்காக இல்லை, முறை கேட்பதற்காக. உன் பட்டியல் வேண்டாம். ஒவ்வொரு தணிக்கையாளரும் அந்தந்த ஆண்டில் எத்தனை நிறுவனங்களுக்குக் கையெழுத்துப் போட்டார் என்பதைப் பதிவகத்திலேயே உட்கார்ந்து எண்ணிக்கொள்கிறேன். குளிர்காலம் முழுக்கப் பிடிக்கும். அங்கிருக்கும் எழுத்தர் இன்றைக்கே பெருமூச்சு விட ஆரம்பித்துவிட்டார். "மேடம், நீங்க பேசாம இங்கயே வேலைக்குச் சேர்ந்துடுங்க. நான் வீட்டுக்குப் போறேன்" என்கிறார்.

உன் மனைவிக்கு என் அன்பு.

அக்கா


மார்ச் 18

தம்பிக்கு,

நலம். வெயில் வந்ததும் முழங்கால் வாயை மூடிக்கொண்டது. உங்கள் நலனைச் சீக்கிரம் எழுது.

எண்ணி முடித்தேன். நகல்களில் அழிந்துபோன தணிக்கையாளர் முத்திரைகளை நானும் பக்கத்து மேசைக்காரியும் தனித்தனியாகப் படித்து, இருவர் படித்ததும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்த்தோம். ஒத்துப்போகாத இடங்களில் மட்டும் அசல் தாளைத் தேடினோம். குழந்தை என் மடியில் உட்கார்ந்து அட்டவணையைச் சப்பியது. அந்த ஒரு பக்கத்தை மறுபடி அச்சிட வேண்டியிருந்தது.

போன வாரம் கணினியில் ஓட்டிப் பார்த்தோம். முதலில் தாமதத்தை மட்டும் வைத்து. வந்தது. தாமதமான நிறுவனங்கள் அடுத்த ஆண்டு நஷ்டத்தில் விழுவது நன்றாகவே அதிகம். எழுந்து நின்று எல்லோருக்கும் டீ சொன்னேன். டீ வருவதற்குள் இரண்டாவது முறை ஓட்டினோம், தணிக்கையாளரின் வேலைப்பளுவையும் சேர்த்து. தாமதத்தின் கனம் கரைந்துபோயிற்று. மிச்சம் இருப்பது தற்செயலாகவே வரக்கூடிய அளவுதான். டீ வந்தபோது நான் குடிக்கவில்லை.

காரணமும் தெரிகிற மாதிரி இருக்கிறது. தள்ளாடுகிற நிறுவனங்கள் கட்டணம் குறைந்த தணிக்கையாளரைத் தேடிப் போகின்றன. அவரிடம் கூட்டம் அதிகம். கூட்டத்தில் கையெழுத்து தாமதமாகிறது. நீ மலிவு என்று என் ஆய்வு சொல்கிறது, வருத்தப்படாதே.

நெறியாளர் நல்லெண்ணத்தோடு ஒரு யோசனை சொன்னார். "கேள்வியையே மாத்திடலாங்க. வேலைப்பளுவால தாமதமாகுதான்னு கேட்டதா எழுதுங்க. அழகா வருது, பத்திரிகையிலயும் போடுவாங்க." நான் மாட்டேன் என்றேன். அந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை. நான் கேட்டது வேறு, எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறோம். கேட்டது கிடைக்கவில்லை என்றுதான் முதல் பக்கத்தில் எழுதுவேன், தேடாமல் தட்டுப்பட்டது இது என்று பின்னால் தனியாக எழுதுவேன். ஒரு மணி நேரம் பேசினோம். கடைசியில் அவர், "மாறிலிகிட்ட யாரு ஜெயிக்கிறது" என்று சிரித்தார். பெயர் அவர் காதுவரை போயிருக்கிறது. பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, நீங்கள் சொல்வதே நேர்மையான வழி, தேர்வாளர் முன்னால் நான் உங்கள் பக்கம் நிற்கிறேன் என்றார்.

இனி உன் விஷயம். இந்த முடிவு உன்னை விடுவித்துவிட்டது என்று நினைக்காதே. நூற்றுக்கணக்கான நிறுவனங்களின் சராசரி, ஒரு தொழிற்சாலையைப் பற்றி, ஒரு கையெழுத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. நீ மறைத்தாய் என்றும் சொல்லாது, மறைக்கவில்லை என்றும் சொல்லாது. அந்த இடத்தில் ஆய்வு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் ஒரே வழிதான் இருக்கிறது. கேட்கிறேன்.

அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்ட அன்று, தொழிற்சாலை மூடப்போகிறது என்று உனக்குத் தெரியுமா?

அக்கா


ஏப்ரல் 25

தம்பிக்கு,

நலம். ஆய்வேட்டைப் பைண்டிங்குக்குக் கொடுத்தாயிற்று. வாய்மொழித் தேர்வு ஜூன் முதல் வாரம்.

உன் பதில் வரவில்லை. போன வருஷமாக இருந்தால் இந்நேரம் ஒரு முடிவுக்கு வந்திருப்பேன். இப்போது என் ஆய்வேட்டிலேயே, வேறு காரணங்களைக் கணக்கில் எடுத்தால் தாமதத்துக்குத் தனியாக ஓர் அர்த்தம் இருப்பதாகத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறேன். எழுதியதற்குக் கட்டுப்பட்டவள் நான். அதனால் எதுவும் நினைக்காமல் காத்திருக்கிறேன்.

எதுவும் நினைக்காமல் இருப்பது கஷ்டமாக இருக்கிறது.

உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

அக்கா


மே 6

அன்புள்ள அக்கா,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. இவளுக்குத்தான் பத்து நாள் காய்ச்சல், இப்போது எழுந்து நடமாடுகிறாள். உன் மார்ச் கடிதத்தை வந்த அன்றே படித்துவிட்டேன். இந்த முறை கோப்புகளின் மேல் பழி போட மாட்டேன். எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன்.

தெரியாது, அக்கா.

அந்த வருஷக் கணக்கு சுத்தமாக இருந்தது. கோப்பு மூன்று மாதம் என் மேசையில் முறை வராமல் கிடந்தது. முறை வந்ததும் முழுதாகப் பார்த்தேன், முதலாளியையும் உட்காரவைத்துக் கேள்வி கேட்டேன், குறை ஒன்றும் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டேன். பத்து நாள் கழித்துப் பெரிய வாடிக்கையாளர் தன் ஆர்டர் அத்தனையையும் வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டார். முதலாளிக்கே அது அன்று காலைதான் தெரியும். போன் போட்டு அழுதார்.

இதை ஏன் இத்தனை வருஷமாகச் சொல்லவில்லை என்று கேட்பாய். அன்று நீ என் வாசலில் நின்று கேட்கவில்லை, சொன்னாய். 'உனக்குத் தெரியும்' என்று தீர்ப்பைக் கையில் கொண்டுவந்தவளிடம் என்ன சொல்வது? எனக்கும் ரோஷம் இருக்கிறது. 'தெரியுமா' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றே உட்காரவைத்துச் சொல்லியிருப்பேன். கேட்காதது உன் தப்பு.

இதற்கு ஆதாரம் கேட்டால் என்னிடம் இல்லை. முதலாளி இறந்துவிட்டார். என் வார்த்தை மட்டும்தான் இருக்கிறது.

தம்பி


மே 9

தம்பிக்கு,

உன் மனைவி தேறிவிட்டாள் என்று தெரிந்து நிம்மதி. காய்ச்சலுக்குப் பிறகு வாய் கசக்கும், அவளுக்கு வேண்டியதைக் கேட்டுச் செய்துகொடு. நீ செய், அவளைச் செய்யவிடாதே.

உன் கடிதத்தை ஜன்னலோர மேசையில் வைத்துப் படித்தேன். பக்கத்து மேசைக்காரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள். நல்ல பெண்.

முதலில் ஒரு திருத்தம். கேட்காதது என் தப்பு என்று எழுதியிருக்கிறாய். நான் கேட்காவிட்டாலும் நீயாகச் சொல்லியிருக்க வேண்டும். நீ தம்பி, நான் அக்கா. அதில் நான் மாறுவதாக இல்லை. அடுத்த பதினோரு வருஷத்துக்கு இதைப் பற்றி நாம் சண்டை போட்டுக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை.

இனி உன் பதில். முறைப்படி பார்த்தால் இது செல்லாது. சாட்சி ஒரே ஒருவர். அவர் சம்பந்தப்பட்டவர். சொல்வது பல வருஷம் கழித்து. சரிபார்க்க வழியில்லை. வேறொரு மாணவி இப்படிப்பட்ட ஒன்றை ஆய்வேட்டில் சேர்த்தால் நானே சிவப்பு மையில் அடித்துவிடுவேன். அதனால் என் ஆய்வேட்டில் இதற்கு இடமில்லை. ஒரு வரிகூட எழுதப்போவதில்லை.

எனக்கு இது போதும். நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வருகிறேன், உன் மனைவியிடம் சொல்லிவிடு. எத்தனை மணிக்கு என்று கேட்காதே. பஸ் எப்போது வருகிறதோ அப்போது.

அக்கா